எலி தின்ற கஞ்சா

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் கஞ்சா விளைவதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் கம்பம்காரன். வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னாலே ஒரு நமட்டுச் சிரிப்பு வருகிறது. அதை விடுங்கள். மலையில் நிற்கும் செடியை வெட்டிப் போடாமல் ரயிலில் பை பையாகத் தேடுவது ஏன்? அப்படிப் பிடித்தும், 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று சொல்லி, சென்னையில் 2023-ல் இரண்டு பேர் விடுதலையானார்களே, அது எப்படி?

எஸ்., கம்பம்

அன்புள்ள எஸ்.,

வெட்டாமல் இல்லை. 2021 கடைசியில் ஆந்திரக் காவல்துறை ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’ என்ற பெயரில் பாடேரு, சிந்தப்பள்ளி பக்கம் ஏறி, ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் அழித்ததாகக் கணக்குக் காட்டியது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோவை அடுக்கி எரித்தார்கள். பயிர் எல்லை தாண்டி ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கம் போய்விட்டது.

எல்லாம் முன்பணம் செய்யும் வேலை. மழைக்கு முன்பே வெளியாள் வந்து விதையும் காசும் கொடுத்துவிட்டுப் போகிறான். ஆடியில் விதைத்தால் தை மாசிக்குள் கையில் பணம். அரசு கொடுக்கும் காப்பிக் கன்று காய்க்க மூன்று நான்கு வருடமாகும். அதுவரை அடுப்பெரிய வேண்டுமே. வெட்டினால் நஷ்டம் மலைக்காரனுக்கு. காசு கொடுத்தவன் அடுத்த வருடம் வேறு பள்ளத்தாக்கில் ஆள் பிடிக்கிறான்.

இனி எலி விவகாரம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் எடையை வைத்தே நடக்கிறது. கஞ்சா 1 கிலோவுக்குள் என்றால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, 1 லட்சம் ரூபாய் அபராதம். 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீனும் லேசில் கிடைக்காது. இடையில் எவ்வளவு இருந்தாலும் 10 ஆண்டு ‘வரை’. ஆகவே 21, 22 கிலோ வழக்கு என்றால் சண்டை முழுக்கத் தராசில்தான்.

இரண்டிரண்டு கிலோவாக 11 பொட்டலம், பிரவுன் டேப் சுற்றியது என்று வையுங்கள். அப்படியே தூக்கித் தராசில் வைத்து ‘22 கிலோ’ என்று மகஜரில், அதாவது பறிமுதல் குறிப்பில், எழுதிவிடுகிறார்கள். வக்கீலின் முதல் கேள்வி: இது மொத்த எடையா, நிகர எடையா? டேப், பாலித்தீன் போகட்டும். சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் பிடித்த நுனி. இலையும் விதையும் நுனியோடு சேர்ந்திருந்தால்தான் கணக்கில் வரும். உள்ளே தண்டும் வேரும் கிடந்தால் அதையும் கழி என்பார் வக்கீல். ஈரச் சரக்காக இருந்தால் காய்ந்து தானாகவே குறைந்திருக்கும். இரண்டு கிலோ போவதற்கு இவ்வளவு போதும். ஒரே பொட்டலத்தில் மட்டும் மாதிரி எடுத்திருந்தால் அடுத்த கேள்வி தயார்: மீதிப் பத்திலும் இருந்தது கஞ்சாதான் என்று யார் சொன்னது?

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியல், புகைப்படம், மாதிரி எல்லாம் முடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், அவையே முதன்மைச் சான்று. 2022 டிசம்பரில் வந்த விதிகளின்படி கஞ்சா மாதிரி 24 கிராம், இரண்டு பிரதி. பிறகு மூட்டையை அழித்துவிடலாம். எலி வரும்வரை வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை! நீங்கள் சொல்லும் வழக்கில் மாதிரிக்கு எடுத்த கொஞ்சம் போக, மீதி நீதிமன்றத்துக்கு வரவில்லை. விடுதலை செய்யாமல் நீதிபதி வேறென்ன செய்வார்? ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: 52ஏ-யில் சறுக்கியது ஒன்றை மட்டும் வைத்து வழக்கைத் தள்ளக்கூடாது, மற்ற சாட்சியம் உறுதியாக இருந்தால் போதும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்கு நிரூபணமானாலும் உள்ளே போவது பை தூக்கியவன்தான். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில், காட்பாடியில் ‘கேட்பாரற்றுக் கிடந்த பை’ என்று செய்தி வந்தால் அவன்கூட இல்லை என்று பொருள். போலீசிடம் அவன் தரும் வாக்குமூலம் எப்போதுமே செல்லாது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவிடம் 67-ஆம் பிரிவின் கீழ் சொல்வது செல்லும் என்றிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் அதையும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. அடித்து வாங்கிய பெயர்களை வைத்து எத்தனை நாள் வழக்கு நடத்துவது? ஆனால் முன்பணம் கொடுத்தவனைப் பிடிக்க இனி வங்கிக் கணக்கு, போன் பதிவு என்று உட்கார்ந்து தோண்ட வேண்டும். பணம் போட்டவனுக்கென்றே 27ஏ பிரிவு இருக்கிறது, 10 முதல் 20 ஆண்டு. முதல் தகவல் அறிக்கைகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பம் விஷயத்துக்கு வருகிறேன். வருசநாட்டு மலையில் ஒரு காலத்தில் விளைந்தது உண்மைதான். இன்று கம்பத்தில் பிடிபடுவது பெரும்பாலும் குமுளி ஏறிக் கேரளம் போக வந்த ஆந்திரச் சரக்கு. அதே சரக்கு வேதாரண்யத்தில் படகேறி யாழ்ப்பாணம் போனால் அங்கே பத்திரிகைகள் ‘கேரள கஞ்சா’ என்று எழுதுகின்றன. கெட்ட பெயரில் உங்கள் ஊருக்குத் துணை உண்டு.