படுக்கையில் புரண்டால் மட்டும் அறையே சுற்றுகிறது. பிரஷர், சர்க்கரை எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ‘காதுக் கோளாறு’ என்கிறார்களே, காதுக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. புரளும்போதும், அண்ணாந்து பரணைப் பார்க்கும்போதும், குனிந்து நிமிரும்போதும் மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் என்றால், பெரும்பாலும் உள்காதில் துகள்கள் இடம் மாறியிருக்கின்றன. மருந்துச் சீட்டில் பி.பி.பி.வி. என்று எழுதியிருப்பார்கள். பித்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று இதற்குப் பல வருடம் மாத்திரை விழுங்குபவர்கள் நம்மிடையே ஏராளம்.

உள்காதில் கேட்கும் பகுதியை ஒட்டி மூன்று அரைவட்டக் குழாய்கள், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கின்றன. உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் குழாய் உடனே திரும்பும், திரவம் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் குழாயின் அடியிலுள்ள ஜெல்லி போன்ற தடுப்பை வளைக்கும்; அதில் பதிந்திருக்கும் மயிர்ச்செல்கள் ‘தலை திரும்புகிறது’ என்று நரம்புக்குச் சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றின் ஜெல்லிப் படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கும். லிஃப்ட் கிளம்புவதும் பஸ் பிரேக் போடுவதும் தலை சாய்வதும் இந்தத் துகள்களின் எடையால்தான் தெரிகின்றன.

வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, நீண்ட நாள் படுத்த படுக்கையாக இருந்தாலோ சில துகள்கள் கழன்று குழாய்க்குள் போய்விடும். பெரும்பாலும் பின்புறக் குழாய்தான், அதுதான் தாழ்வாக இருக்கிறது. நீங்கள் புரண்டு முடித்த பிறகும் அவை மெல்லக் கீழே இறங்கித் திரவத்தை இழுக்கும். தலை அசையாதபோதே அந்தக் காது ‘சுற்றுகிறோம்’ என்கிறது, மறு காது ‘இல்லை’ என்கிறது. மூளை ஒரு காதை நம்பிக் கண்ணை ஓட்டுவதால் கருவிழி வெட்டிவெட்டி இழுக்கும். புரண்டு சில நொடி கழித்துச் சுற்றல் தொடங்குவதும், துகள் அடியில் படிந்ததும் நிற்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து மாத்திரை அல்ல, புவியீர்ப்பு. துகள்களைக் குழாயிலிருந்து பைக்கே திருப்பி உருட்டிவிட, அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992-இல் வெளியிட்ட முறை இது. வலது காது என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புங்கள். தோளுக்கடியில் தலையணை வரும்படி சட்டென்று மல்லாந்து படுத்தால் தலை சற்றுத் தொங்கும். சுற்றல் வரும், கண்ணை மூடாதீர்கள். நின்ற பிறகும் 30 நொடி அப்படியே இருங்கள். பிறகு தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி மறுபடி 30 நொடி. அடுத்து உடம்போடு இடப்புறம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி இன்னொரு 30 நொடி. பின் மோவாயை மார்போடு ஒட்டியபடி எழுந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் உட்காருங்கள். இடது காதுக்கு இடம், வலம் மாற்றிச் செய்யுங்கள்.

பலிக்காமல் போவது பெரும்பாலும் காதை மாற்றிச் செய்வதால், அல்லது இடையில் தலையைத் தூக்கிவிடுவதால். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் அதிகம் சுற்றுகிறதோ, வழக்கமாக அந்தக் காதுதான். பக்கவாட்டுக் குழாயில் துகள் இருந்தால் இந்த முறை உதவாது, வேறு சுழற்றல் வேண்டும். எனவே முதல் தடவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செய்துகொள்வது நல்லது. கழுத்து எலும்பிலோ கழுத்து ரத்தக்குழாயிலோ பிரச்சினை இருப்பவர்கள் வீட்டில் முயலவே வேண்டாம். தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டெமெட்டில் மாத்திரை குமட்டலை அடக்கும், துகளை நகர்த்தாது. மாதக்கணக்கில் போட்டால் மூளை தானாகச் சமாளிக்கப் பழகுவது தாமதப்படும், முதியவர்களுக்குக் கைநடுக்கமும் வரலாம்.

எல்லாச் சுற்றலும் துகளால் வருவதல்ல. நாள்கணக்கில் ஓயாமல் சுற்றினால் சமநிலை நரம்பு அழற்சியாக இருக்கலாம். மணிக்கணக்கில் சுற்றி, கூடவே காது அடைத்து, இரைந்து, கேட்பது மங்கினால் மெனியர் நோயைச் சந்தேகிப்பார்கள். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் இரு காதின் மயிர்ச்செல்களையும் அழிக்கக்கூடும். அப்போது சுற்றலைவிட இருட்டில் தள்ளாட்டமும், நடக்கும்போது பார்வை குலுங்குவதும்தான் தெரியும்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் மரத்துப்போதல், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை, திடீர்க் கடும் தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். பின்மூளைப் பக்கவாதம் ஆரம்பத்தில் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு, ஸ்கேன் நார்மல் என்றாலும் அறிகுறி நீடித்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.