புரட்டாசி மீனும் தடைக்கால மீனும்: பி.ஏ. பொருளாதாரம், வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல், வணிகவியல் படித்தேன். கணக்கு எடுக்கவில்லை. பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தால் சமாளிக்க முடியுமா?
*மாணவி, தண்டையார்பேட்டை*

தாராளமாகச் சேரலாம். நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்குப் பிளஸ் டூ கணக்கைப் பெரும்பாலும் கட்டாயமாகக் கேட்பதில்லை. இடறுவது பிறகுதான். ஆரம்பத் தாள்களை வார்த்தைகளாலேயே எழுதித் தேறிவிடலாம். புள்ளியியலும் கணித முறைகளும் வரும்போது, கணக்கைத் தொடாமலே வந்தவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். கேள்வியில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கல்லூரி திறக்குமுன் 11ஆம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பாடநூல் என்பதால் இலவசமாகவே தரவிறக்கலாம். வகைநுண்கணிதம், அதன் பயன்பாடுகள் ஆகிய இரண்டு அத்தியாயங்களை மட்டும் முதலில் முடியுங்கள். ஒரு நாளைக்கு 5 கணக்கு போதும். தீர்த்து வைத்த எடுத்துக்காட்டைப் படித்துவிட்டுப் 'புரிந்தது' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். விடையை மூடிவைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒன்றைப் பார்ப்போம். உற்பத்தி அளவு 'அ'. மொத்தச் செலவு 200 + 10அ + அ². இதை வகையிட்டால் இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒரு பொருள் செய்ய ஆகும் கூடுதல் செலவு, 10 + 2அ. 200 எங்கே போயிற்று? அது கடை வாடகை போன்ற நிலைச் செலவு. ஒரு பொருள் கூடுதலாகச் செய்வதால் வாடகை ஏறாது, அதனால் இறுதிநிலைச் செலவில் அதற்கு இடமில்லை. இப்படி ஒவ்வொரு படிக்கும் பொருள் சொல்லத் தெரிந்துவிட்டால் கணக்கு உங்களை விரட்டாது.

தடைக்காலத்தில் காசிமேட்டில் மீன் விலை ஏறுகிறது, மக்கள் வாங்குவது குறைகிறது. இதைத் 'தேவை வளைகோடு இடப்பக்கம் நகர்ந்தது' என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. என்ன தவறு?
*மாணவர், ராயபுரம்*

நல்ல எடுத்துக்காட்டைத்தான் பிடித்திருக்கிறீர்கள், நகர்த்திய கோடுதான் தவறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டும்தான் வரத்து. ஆகவே இடப்பக்கம் நகர்வது அளிப்பு வளைகோடு, அதாவது ஒவ்வொரு விலையிலும் விற்பனைக்கு வரும் அளவைக் காட்டும் கோடு. ஒவ்வொரு விலையிலும் மக்கள் வாங்கும் அளவைக் காட்டும் தேவை வளைகோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விலை ஏறியதால் அதன் மேலேயே மேல்நோக்கிப் போகிறோம். வாங்கும் அளவு குறைந்தது, தேவை குறையவில்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று எழுதினால் மதிப்பெண் போகத்தான் செய்யும்.

தேவை வளைகோடே நகர்வதைப் பார்க்கப் புரட்டாசி வரை காத்திருங்கள். படகுகள் வழக்கம்போலப் போகும், ஆனால் பல வீடுகளில் அசைவம் கிடையாது. அப்போது விலையும் இறங்கும், விற்கும் அளவும் இறங்கும். தடைக்காலத்தில் விலையும் அளவும் எதிரெதிர்த் திசையில், புரட்டாசியில் ஒரே திசையில். எந்தக் கோடு நகர்ந்தது என்று கண்டுபிடிக்க இதுவே அடையாளம்.

இனி எண்ணைப் போடுவோம் (எண்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை). வஞ்சிரம் கிலோ 800 ரூபாயாக இருக்கையில் ஒரு கடையில் 100 கிலோ விற்கிறது. தடைக்காலத்தில் 1,200 ரூபாய், 70 கிலோ. விலை 50 சதவீதம் ஏற்றம், அளவு 30 சதவீதம் இறக்கம். அளவு மாற்றச் சதவீதத்தை விலை மாற்றச் சதவீதத்தால் வகுத்தால் வருவது நெகிழ்ச்சி, இங்கே 0.6 (தேவைக்கு வரும் கழித்தல் குறியை விட்டுவிட்டோம்). இதையே 1,200இலிருந்து 800க்கு இறங்குவதாகப் போட்டுப் பாருங்கள்: விலை 33.3 சதவீதம் இறக்கம், அளவு 42.9 சதவீதம் ஏற்றம், நெகிழ்ச்சி 1.29. அதே இரண்டு புள்ளிகள்தான், ஆனால் ஒரு பக்கம் நெகிழ்ச்சியற்ற தேவை (1க்குக் கீழ்) என்றும் மறுபக்கம் நெகிழ்ச்சியுள்ள தேவை (1க்கு மேல்) என்றும் வருகிறது. இதைத் தவிர்க்கத்தான் நடுப்புள்ளி முறை. அளவு மாற்றம் 30ஐச் சராசரி 85ஆல் வகுங்கள், 0.353. விலை மாற்றம் 400ஐச் சராசரி 1,000ஆல் வகுங்கள், 0.4. நெகிழ்ச்சி 0.88. சரிதானா என்று வருவாயை வைத்துப் பாருங்கள்: முன்பு 80,000 ரூபாய், இப்போது 84,000 ரூபாய். விலை ஏறி வருவாயும் ஏறினால் நெகிழ்ச்சி 1க்குக் கீழ்தான்.

புரட்டாசி எண்களை வைத்துத் தேவை நெகிழ்ச்சி போடாதீர்கள். 800 ரூபாய் 600 ஆகி, 100 கிலோ 80 ஆனால் நடுப்புள்ளி முறையில் விடை கூட்டல் குறியோடு 0.78 என்று வரும். நகர்ந்தது தேவைக் கோடு, நாம் நடந்தது அளிப்புக் கோட்டின் மேல். அதனால் கிடைத்தது அளிப்பு நெகிழ்ச்சி. முதுகலையில் எகனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அளக்கும் பாடம்) படிக்கும்போது இதே சிக்கல் பெரிய உருவத்தில் வரும். இப்போதே பிடிபட்டால் அங்கே திணற மாட்டீர்கள்.

படத்தில் இன்னொன்று: ஒய் அச்சில் விலை, எக்ஸ் அச்சில் அளவு. அச்சுக்குப் பெயர் எழுதாத படத்தைப் பலர் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

மகன் பி.ஏ. முடித்ததும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாமா?
*பெற்றோர், திருவொற்றியூர்*

பி.ஏ. மட்டும் போதாது, பொருளாதாரத்திலோ அதன் நெருங்கிய பிரிவுகளிலோ முதுகலை வேண்டும். முதுகலைச் சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் 2021 முதல் பொருளாதாரத் தாள் இருக்கிறது: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். கணிதமும் புள்ளியியலும் அதில் கணிசம் என்பதால் தண்டையார்பேட்டை மாணவிக்குச் சொன்னது உங்கள் மகனுக்கும் பொருந்தும். குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், அதில் பொருளாதாரத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழியில் சேர்ந்திருக்கிறேன். கலைச்சொற்களை எப்படிப் பழகுவது?
*மாணவி, வியாசர்பாடி*

ஆங்கிலச் சொல்லை எழுதி எதிரே தமிழ்ச் சொல்லை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். மூன்றாவதாக ஒரு நெடுவரிசை போட்டு, அந்தச் சொல் வீட்டில் என்ன பொருளில் புழங்குகிறது, பாடத்தில் என்ன பொருள் என்று எழுதுங்கள். தவறு நேர்வது பெரும்பாலும் தெரிந்த சொல்லில்தான். வீட்டில் 'தேவை' என்றால் வேண்டியிருப்பது. பாடத்தில் வாங்கும் விருப்பத்தோடு கையில் பணமும் இருந்தால்தான் தேவை. நகை வாங்கினாலும் பழைய வீட்டை வாங்கினாலும் 'முதலீடு' என்கிறோம். நாட்டு வருமானக் கணக்கில் பழைய வீடு கைமாறுவது முதலீடு ஆகாது, புதிதாகக் கட்டினால்தான் ஆகும். 'செலவு' என்றால் கொடுத்த காசு மட்டும்தான் நினைவுக்கு வரும். பாடத்தில் சொந்தக் கடையில் வியாபாரம் செய்பவர் கைவிட்ட வாடகையும் செலவுதான். 'பணவீக்கம் குறைந்தது' என்ற செய்தியைக் கேட்டு விலை இறங்கியதாக எழுதுகிறார்கள். விலை ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. வாரம் பத்துச் சொல் போதும், ஒவ்வொன்றுக்கும் உங்கள் தெருவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு எழுதுங்கள்.