அடக்கி ஆடுவதா, அடித்து ஆடுவதா? போக்கர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆடும் பாணியைப் பற்றியவை. பதில்கள் எல்லாமே நோ லிமிட் டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டத்துக்கானவை: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவே எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை. பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு இருக்கைகள் கட்டாயமாகக் கட்டும் தொகை; சின்னது பெரியதில் பாதி. தொகைகளைப் பெரிய பிளைண்ட் கணக்கில் சொல்கிறோம். ‘12 பிளைண்ட்’ என்றால் பெரிய பிளைண்டைப் போல் 12 மடங்கு.

கேள்வி: ஒன்பது பேர் மேசையில் ஆடுகிறேன். ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி தவிர எதையும் தொடுவதில்லை. ஆனாலும் கையிருப்பு மெல்லக் கரைகிறது. நல்ல சீட்டுக்குக் காத்திருப்பது தப்பா?

காத்திருப்பது தப்பில்லை. ஆனால் காத்திருப்பதற்கு வாடகை உண்டு.

இரண்டு சீட்டுக் கைகள் மொத்தம் 1,326. உங்கள் பட்டியலில் ஜோடிகள் 78, ஏஸ்-ராஜா 16, ஏஸ்-ராணி 16. ஆக 110 கை, அதாவது 8.3 சதவீதம். பன்னிரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறைதான் உள்ளே வருகிறீர்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு பிளைண்டும் சேர்த்து 1.5 கட்டுகிறீர்கள், பன்னிரண்டு ஆட்டத்துக்கு அது 2 ஆகிறது. ஆக, நீங்கள் ஆடுகிற ஒவ்வொரு கையும் சராசரியாக 2 பிளைண்ட் கொண்டுவந்தால்தான் கணக்கு நேராகும். ஆனால் ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஏஸ்-ராஜாவுக்கு ஜோடி சேர்வது ஏறத்தாழ மூன்றுக்கு ஒரு முறை. கையில் இருக்கும் ஜோடிக்கு மூன்றாவது சீட்டு விழுவது எட்டரைக்கு ஒரு முறை. சேராதபோதெல்லாம் நீங்கள் மடக்கிவிடுகிறீர்கள் (சீட்டைக் கைவிட்டு விலகுகிறீர்கள்). சேர்ந்தபோது மேசையே மடக்கிவிடுகிறது, ஏனென்றால் நீங்கள் எதை வைத்து உள்ளே வருவீர்கள் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

எல்லா இடத்திலும் தளர்த்த வேண்டாம், கடைசி இருக்கைகளில் மட்டும் தளர்த்துங்கள். முதல் மூன்று இருக்கைகளில் உங்கள் பட்டியலே போதும். சின்ன ஜோடிகளைக்கூட அங்கே விடலாம். டீலர் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவெடுக்கும் இருக்கையில்) உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் எல்லாரும் மடக்கிவிட்டார்கள் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 22 கை ஆடலாம்: எல்லா ஜோடிகளும், ஒரே இனத்தில் ஏஸுடன் எது இருந்தாலும், ஒரே இனத்தில் 6-7, 7-8 போல அடுத்தடுத்தவையும், பத்துக்குக் குறையாத எந்த இரண்டும். முதலில் உள்ளே வருகிறவர் நீங்கள் என்றால் கால் போட்டு (இருக்கும் பந்தயத்துக்குச் சமமாக மட்டும் கட்டி) வராதீர்கள், 2.5 முதல் 3 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) வாருங்கள். முன்னால் யாராவது கால் போட்டிருந்தால் ஆளுக்கு ஒரு பிளைண்ட் கூட்டிக்கொள்ளுங்கள். ஃப்ளாப்பில் ஒரே ஓர் எதிராளி மிஞ்சினால், உங்களுக்கு எதுவும் சேராவிட்டாலும் பாட்டில் (நடுவே சேர்ந்திருக்கும் மொத்தத் தொகையில்) மூன்றில் ஒரு பங்கு பந்தயம் கட்டிப் பாருங்கள். அவருக்கும் மூன்றில் இரண்டு முறை எதுவும் சேர்ந்திருக்காது.

சின்ன பிளைண்டில் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். பாதிக் காசு ஏற்கெனவே உள்ளே கிடக்கிறதே என்ற ஆசையில் கால் போட்டு, ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் வாய்திறக்க வேண்டிய இடம் அது. பழகும் நிலையில் இருப்பவர்கள் அதிகம் இழப்பது அங்கேதான்.

கேள்வி: எங்கள் மேசையில் ஒருவர் எதற்கும் கால் போடுவார். பிளஃப் (வெறும் கையோடு பந்தயம் கட்டி மிரட்டுவது) எதுவும் அவரிடம் பலிப்பதில்லை. கடைசிச் சீட்டில் எதையாவது பிடித்துவிடுகிறார். எப்படிச் சமாளிப்பது?

அவரைச் சமாளிக்க வேண்டியதே இல்லை. அவர் மேசையைவிட்டு எழாமல் இருந்தால் போதும்.

முதலில் பிளஃப்பை அறவே நிறுத்துங்கள். பாட் 100, நீங்கள் 50 கட்டுகிறீர்கள் என்றால் மூன்றில் ஒரு முறையாவது அவர் மடக்கினால்தான் நஷ்டமில்லை. ஐந்தில் ஒரு முறைதான் மடக்குவார் என்றால், ஒவ்வொரு பிளஃப்புக்கும் சராசரியாக 20 போகிறது. இதில் துணிச்சலுக்கு எந்த வேலையும் இல்லை.

இரண்டாவது விஷயத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: நல்ல கையை வைத்துக்கொண்டு பாதியில் பயந்துவிடுவது. உங்களிடம் ஏஸ்-ராணி. 3 பிளைண்டுக்கு ரெய்ஸ். பெரிய பிளைண்டில் இருக்கும் இவர் மட்டும் கால். பாட் 6.5. ஃப்ளாப்பில் ராணி, 8, 3 மூன்று வெவ்வேறு இனத்தில் விழுகின்றன. 5 கட்டுங்கள், கால் வரும், பாட் 16.5. அடுத்து 5 விழுகிறது. 12 கட்டுங்கள், கால் வரும், பாட் 40.5. கடைசியில் 2. இங்கே 27 கட்ட வேண்டும். ‘ரெண்டு ஜோடி வைத்திருப்பாரோ’ என்று இங்கே பந்தயம் கட்டாமல் செக் செய்கிறவர்கள்தான் அதிகம். ராணி-பத்து, ராணி-ஒன்பது, ஏஸ்-எட்டு, ஒன்பது ஜோடி என்று அவர் கால் போடும் கைகள் வரிசையாக இருக்கின்றன, எல்லாமே உங்களுக்குத் தோற்பவை. கணக்கு எளிது: கடைசிப் பந்தயத்துக்கு வரும் கால்களில் பாதிக்கு மேல் உங்களிடம் தோற்கும் என்றால் கட்டுங்கள்.

இதே ஆள் கடைசியில் உங்கள் 27-ஐ ரெய்ஸ் செய்து 80 ஆக்கினால், ஏஸ்-ராணியை வருத்தப்படாமல் மடக்குங்கள். எதற்கும் கால் மட்டும் போடுகிறவர் ரெய்ஸ் செய்தால் அது பிளஃப்பாக இருப்பது அபூர்வம்.

கேள்வி: எனக்கு ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு பாக்கி என்றால் எப்போதும் கால் போட்டுவிடுவேன். மூன்றில் ஒன்று கிடைக்கும் என்கிறார்களே?

மூன்றில் ஒன்று என்பது இன்னும் இரண்டு சீட்டுகளையும் காசு கட்டாமல் பார்க்கும் கணக்கு, 35 சதவீதம். ஃப்ளாப்பிலேயே எல்லாச் சிப்பும் உள்ளே போய்விட்டால் அது பொருந்தும். அடுத்த சீட்டுக்கு மட்டும் என்றால் தெரியாத 47 சீட்டில் உங்களுக்கு உதவுவது 9. அதாவது 19 சதவீதம். பாட் 100, எதிராளி 50 கட்டினால், 150-ஐ ஜெயிக்க நீங்கள் 50 போடுகிறீர்கள். அதற்கு 25 சதவீதம் வேண்டும். பற்றாக்குறைதான். ஃப்ளஷ் விழுந்தபின் அவரிடமிருந்து சராசரியாக இன்னும் 61 வரும் என்றால் மட்டுமே அந்தக் கால் நியாயம். தாராளமாகக் கால் போடுகிறவரிடம் அது வரும். நடுவே அதே இனத்தின் மூன்றாவது சீட்டைக் கண்டதும் மடக்குகிற ஜாக்கிரதைக்காரரிடம் வராது. ஆக, ஒரே கைக்கு ஓர் ஆளிடம் கால், இன்னோர் ஆளிடம் மடக்கு.

கேள்வி: ஒருவர் எந்தப் பாணிக்காரர் என்று எத்தனை ஆட்டத்தில் முடிவுகட்டலாம்?

இணைய மேசையில் இரண்டு எண்கள் கிடைக்கும்: தானாகக் காசு போட்டு உள்ளே வரும் விகிதம், ரெய்ஸ் செய்து வரும் விகிதம். ஆறு பேர் மேசையில் 22/18 என்றால் இறுக்கமாக, முனைப்பாக ஆடுகிறவர். 12/9 பாறை, நல்ல கைக்கு மட்டுமே அசைகிறவர். 45/8 முன்னே சொன்ன கால் மன்னர். 30/24 என்றால் சீட்டு சுமாராக இருந்தாலும் அடித்து ஆடுகிறவர். எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 45-க்கும் 8-க்கும் நடுவே உள்ள 37-தான் உங்கள் வருமானம்.

சில நூறு ஆட்டங்களுக்கு முன் இந்த எண்களை நம்ப வேண்டாம். நான்கில் ஒரு கை ஆடும் சாதாரண ஆள்கூட பத்து ஆட்டம் தொடர்ந்து மடக்க 5.6 சதவீத வாய்ப்பு உண்டு. நேரடி மேசையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அங்கே கடைசியில் திறந்து காட்டும் சீட்டுகளை மனதில் வையுங்கள். முதல் இருக்கையில் கால் போட்டு வந்து ராஜா-4 காட்டினார் என்றால் அந்த ஒன்றே நிறையச் சொல்லிவிடும்.

கேள்வி: இன்னொருவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ரெய்ஸ். மேசையே அவர் கையில். ஏஸ் ஜோடி வரும்வரை பொறுத்திருக்கலாமா?

ஏஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. நேரடி மேசையில் மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்தால் ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

முதல் வேலை, இடம் மாறுவது. அவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். நூற்றுக்கு 60 கை ஆடுகிறவருக்கு எதிரே 9 ஜோடி, ஏஸ்-ஜாக்கி எல்லாம் பெரிய கைகள். அவர் 4 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால் நீங்கள் 12 ஆக்குங்கள். மற்றவர்கள் ஒதுங்கி, அவர் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். ஃப்ளாப்புக்குப் பிறகு போக்கு மாற வேண்டும். உச்ச ஜோடி (பொதுச் சீட்டுகளில் பெரியதோடு சேர்ந்த ஜோடி) கிடைத்தால் ரெய்ஸ் செய்து அவரைத் துரத்தாதீர்கள். அவரே கட்டட்டும், நீங்கள் கால் போட்டுக்கொண்டே போங்கள். மூன்று முறை கட்டாமல் அவரால் இருக்க முடியாது.

கெட்டுப்போவது ரோஷத்தால். ‘எத்தனை முறைதான் மடக்குவது’ என்று பிளைண்டில் இருந்து ராஜா-9 வைத்துக் கால் போடுவதும், ஃப்ளாப்பில் ஒன்றுமில்லாமல் மடக்குவதும்தான் அவருக்குச் சாப்பாடு.

கேள்வி: இறுக்கமாக, முனைப்பாக ஆடி வருகிறேன். ஆனாலும் 10,000 ஆட்டத்துக்குப் பின் நஷ்டத்தில் இருக்கிறேன். பாணியை மாற்றிவிடலாமா?

அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து மாற்ற வேண்டாம். நூறு ஆட்டத்துக்கு 3 பிளைண்ட் ஜெயிக்கும் நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் மேசையில் நூறு ஆட்டத்துக்கான ஏற்ற இறக்கம், திட்ட விலக்கக் கணக்கில், சுமார் 90 பிளைண்ட். 10,000 ஆட்டத்தில் அவருக்கு எதிர்பார்க்கும் லாபம் 300. ஏற்ற இறக்கம் 900. அவரே நஷ்டத்தில் நிற்க ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு. அதனால்தான் ஒரு மேசைக்கு 100 பிளைண்ட் கொண்டுபோகிறவர், அதைப் போல் 30 மடங்காவது தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்கிறோம். ஒரே நாளில் மூன்று மடங்கு போய்விட்டால் எழுந்துவிடுங்கள்.

பாணிக்குப் பதில் முடிவுகளைச் சோதியுங்கள். ஒரு குறிப்பேட்டில் இருக்கை, சீட்டு, யாரிடம் எத்தனை சிப், ஒவ்வொரு பந்தயத்திலும் எதிராளியிடம் என்ன இருக்கும் என்று நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். ஏஸ் ஜோடி ராஜா ஜோடியிடம் தோற்றதை எழுதித் தாளை வீணாக்காதீர்கள். நூற்றுக்கு 18 முறை அது நடக்கும். கால் போடலாமா என்று யோசித்து நின்ற கைகளை எழுதுங்கள். இருக்கை வாரியாகப் பிரித்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

கேள்வி: 10-2 ராசியான கை என்கிறார்களே, ஆடலாமா?

அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் டாய்ல் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியைக் கடைசி ஆட்டத்தில் 10-2 வைத்து ஜெயித்தார். இரண்டு முறையும் கடைசிச் சீட்டாக 10 விழுந்து ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னோர் எண்ணில் இரண்டு) ஆனது. அவர் ஆடியது எதிரே ஒரே ஓர் ஆளுடன். ஒன்பது பேர் மேசையில் அந்தக் கை வந்தால் மடக்கிவிடுங்கள்.