ரோமா மக்களுக்கு வேலை ஏன் கிடைப்பதில்லை? சில கேள்விகளும் பதில்களும்

கிழக்கு ஸ்லோவாக்கியாவில், கோஷிட்சே நகரைச் சுற்றியுள்ள ரோமா குடியிருப்புகளில் வேலை தேடுபவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். 'ஜிப்சி' என்று மற்றவர்கள் அழைத்துவந்த இந்த ரோமா மக்கள் ஐரோப்பா முழுவதும் ஒரு கோடிக்கு மேல் இருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் சுமார் 60 லட்சம் பேர். அவர்களைப் பற்றி நான் தமிழில் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

பிரபு, கோயம்புத்தூர்: இவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது உண்மையா அக்கா? இன்னும் ஊர் ஊராகத்தான் அலைகிறார்களா?

முதலாவது உண்மை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து கிளம்பியவர்கள். ரோமானி மொழியில் தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்'. இந்தி தெரிந்தவர்களுக்கு இது போதும்.

இரண்டாவது தவறு. கிழக்கு ஐரோப்பாவில் பெரும்பாலான ரோமா குடும்பங்கள் பல தலைமுறைகளாக ஒரே ஊரில் இருக்கின்றன. இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வாலாக்கியாவிலும் மால்டேவியாவிலும் 1855-56 வரை அவர்கள் விற்கவும் வாங்கவும்பட்ட அடிமைகள். செக்கோஸ்லோவாக்கியா 1958இல் சட்டம் போட்டு, மிச்சமிருந்த நாடோடி வாழ்க்கையையும் நிறுத்தியது. 'ஓரிடத்தில் நிற்காதவர்கள், அதனால் வேலையிலும் நிற்க மாட்டார்கள்' என்ற பேச்சு இன்றும் உண்டு. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கார்த்திக், பிராத்திஸ்லாவா: என் அலுவலகத்தில் நல்ல படித்தவர்களே 'அவர்களுக்கு வேலை செய்ய விருப்பமில்லை, அரசு உதவித்தொகை போதும் என்று இருக்கிறார்கள்' என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

முதலில் 1989க்கு முன், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஹங்கேரியில் 1971இல் சமூகவியலாளர் இஷ்ட்வான் கெமேனி நடத்திய ஆய்வில், வேலை வயதிலுள்ள ரோமா ஆண்களில் சுமார் 85% பேர் வேலையில் இருந்தார்கள். மற்ற ஆண்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுரங்கம், எஃகு ஆலை, கட்டுமானம், கூட்டுப் பண்ணை என்று உடல் உழைப்பு கேட்ட இடமெல்லாம் அவர்கள்தான். ஆட்சி மாறி அந்த ஆலைகள் மூடியபோது முதலில் வெளியே அனுப்பப்பட்டதும் அவர்கள்தான். 1993இல் அதே கெமேனி மறுபடியும் ஆய்வு செய்தபோது, வேலையில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருபது ஆண்டுகளில் ஒரு சமூகத்துக்கே திடீரென்று சோம்பல் வந்துவிடுமா?

அடுத்தது முகவரி. கோஷிட்சேயில் லுனிக் 9 என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ரோமா. ஒரு பையனுக்காக நானே ஒரு கிடங்குக்குப் போன் செய்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட உரிமம் இருக்கிறதா, இரவு ஷிப்ட் வருவாரா என்று நன்றாகத்தான் பேச்சு போனது. எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னேன். 'அந்த இடம் நேற்றே நிரம்பிவிட்டது' என்று பதில் வந்தது. அந்த விளம்பரம் மறு வாரமும் இருந்தது. 2000ஆம் ஆண்டின் இனச் சமத்துவ ஆணைப்படி ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டவிரோதம். ஆனால் ஒரு போன் பேச்சை வைத்து நீதிமன்றத்தில் நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம்: கடன் வசூல். டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் போன அபராதம், கட்டாத மருத்துவக் காப்பீட்டுத் தவணை, வட்டிக்காரரிடம் வாங்கிய சின்னத் தொகை, எல்லாம் அபராத வட்டியும் வசூல் கட்டணமுமாகப் பெருகி வசூல் அதிகாரியிடம் போய்விடும். முறையான வேலையில் சேர்ந்த மாதமே சம்பளத்தில் பிடித்தம் தொடங்கும். ஒரு அம்மா தன் முதல் சம்பளச் சீட்டை மேஜைமேல் வைத்து, 'இந்த வரி என்ன, இந்த வரி என்ன' என்று விரல் வைத்துக் கேட்டார். பிடித்தம் போக நின்ற தொகைக்கும் உதவித்தொகைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பஸ் செலவைக் கழித்தால் அதுவும் இல்லை. கணக்கில் வராமல் கையில் காசு கொடுக்கும் கட்டட வேலைக்குப் போனால் முழுசாகக் கிடைக்கும், ஆனால் ஓய்வூதியமும் காப்பீடும் கிடையாது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் விருப்பமில்லை என்று சொல்வது அநியாயம்.

நித்யா, ஆசிரியர், விழுப்புரம்: படிப்பில்தானே எல்லாம் தொடங்குகிறது? பள்ளிக்கூடம் இலவசம்தானே அங்கே?

இலவசம்தான். எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் கேள்வி.

செக் குடியரசின் ஓஸ்த்ராவா நகரில் 1990களின் இறுதியில், மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிகளில் ரோமா பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நகரத்தின் ரோமா மாணவர்களில் 50.3% பேர் அப்படிப்பட்ட பள்ளிகளில் இருந்தார்கள். மற்ற மாணவர்களில் 1.8% பேர்தான். ரோமானி மொழி பேசி வளர்ந்த ஆறு வயதுக் குழந்தையை செக் மொழியில் கேள்வி கேட்டுச் சோதித்தால் என்ன ஆகும்? பெற்றோர் கையெழுத்துப் போட்டார்களே என்று அரசு வாதாடியது. எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. 18 பிள்ளைகளின் சார்பில் வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2007 நவம்பர் 13 அன்று, இது பாகுபாடுதான் என்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொருவருக்கும் 4,000 யூரோ இழப்பீடு. அதற்குள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கையில் எந்தத் தொழிற்சாலையும் மதிக்காத ஒரு சான்றிதழோடு நின்றார்கள்.

தீர்ப்போடு கதை முடியவில்லை. ஸ்லோவாக்கியாவில் ரோமா பிள்ளைகளைப் பள்ளிகளில் தனியாகப் பிரித்து வைப்பது தொடர்வதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2023 ஏப்ரலில் அந்த நாட்டின்மேல் வழக்குத் தொடர முடிவெடுத்தது. பல்கேரியாவின் விதின் நகரில் ரோமா அமைப்பு ஒன்று வேறு வழி பார்த்தது. 2000இல் பஸ் ஏற்பாடு செய்து, ரோமா குடியிருப்புப் பிள்ளைகளை ஊருக்குள் இருக்கும் பொதுப் பள்ளிகளுக்குக் கூட்டிப்போனார்கள். அரசு செய்திருக்க வேண்டிய வேலை அது.

பள்ளிக்கு முந்தைய ஓராண்டு மிக முக்கியம் என்பது என் அனுபவம். மூன்று, நான்கு வயதிலேயே மழலையர் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு முதல் வகுப்பில் மொழி தடையாக இருப்பதில்லை. செக் குடியரசில் 2017 முதலும் ஸ்லோவாக்கியாவில் 2021 முதலும் அந்தக் கடைசி ஓராண்டு கட்டாயம். ஆனால் குடியிருப்புக்குப் பக்கத்தில் மழலையர் பள்ளியில் இடம் இருந்தால்தானே கட்டாயத்துக்குப் பொருள்?

முருகேசன், தருமபுரி: நம்ம ஊர் நூறு நாள் வேலை மாதிரி ஒன்று கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஹங்கேரியில் 2011க்குப் பிறகு பொதுப்பணித் திட்டத்தைப் பெரிதாக விரித்தார்கள். உச்சத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், ரோமா மக்கள் கணிசமாக. பட்டினியைத் தள்ளிப்போட்டது உண்மை. ஆனால் சம்பளம் சாதாரணக் குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவு. தெரு பெருக்குவது, வாய்க்கால் சுத்தம் செய்வது என்று இருந்த வேலையில் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை. யாருக்கு வேலை என்று ஊர்த் தலைவர் முடிவு செய்வதால், அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. நம்ம ஊரில் 2005 சட்டம் வேலையைக் கேட்டு வாங்கும் உரிமையாக எழுதியது. ஹங்கேரியில் அந்த உரிமை இல்லை.

தமிழ்ச்செல்வி, சென்னை: நல்லபடியாக நடந்த முயற்சி ஏதாவது இருக்கிறதா? எப்போதும் சோகம்தானா?

இருக்கிறது. ஸ்பெயினில் 'அக்ஸேதேர்' என்ற திட்டம். ரோமா மக்களுக்கான ஒரு அறக்கட்டளை, ஐரோப்பிய சமூக நிதியின் உதவியோடு 2000இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. அங்கே வேலை தேடி வருபவரோடு ஒரு ஆலோசகர் கடைசி வரை இருப்பார். அந்த அலுவலகங்களில் ரோமா ஊழியர்களும் வேலை செய்கிறார்கள். இன்னொரு பக்கம், கம்பெனிகளோடு பேசுவதற்கென்றே ஆட்கள். எந்தக் கடைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, பயிற்சியை அந்தக் கடைக்குள்ளேயே வைக்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டில் சீருடை போட்டு நின்று கற்றுக்கொண்ட பெண்ணை, பயிற்சி முடிந்ததும் மேலாளருக்கு ஏற்கெனவே தெரியும். முன்பின் தெரியாத பயம் அங்கேயே பாதி போய்விடுகிறது.

எங்கள் பக்கத்தில் ஸ்பிஷ்ஸ்கி ஹர்ஹோவ் என்று ஒரு கிராமம். விளாடிமிர் லெடெட்ஸ்கி தலைவராக இருந்தபோது ஊராட்சியே ஒரு நிறுவனம் தொடங்கி, ரோமா ஆட்களை வேலைக்கு எடுத்து, கட்டுமானமும் சாலை வேலையும் செய்தது. வீடுகளையும் ஊருக்கு வெளியே ஒதுக்கவில்லை. அந்த ஊரைப் பார்க்க மற்ற ஊராட்சிகளிலிருந்து ஆள் வருகிறார்கள். பார்த்துவிட்டுப் போய்ச் செய்பவர்கள் குறைவு. அதுதான் எனக்கு ஆதங்கம். ரோமா மக்களுக்குச் செலவு செய்தால் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போய்விடும் என்று தலைவர்கள் பயப்படுகிறார்கள்.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: பெண்களின் நிலை எப்படி அக்கா?

ஆண்களைவிட மோசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021இல் நடத்திய ஆய்வில், ரோமா ஆண்களில் 58% பேரும் பெண்களில் 28% பேரும் சம்பள வேலையில் இருந்தார்கள். 22% பேருக்கு வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லை. அந்தத் தண்ணீரைச் சுமப்பது யார்? பெண்கள்தான். குழாய் வந்தால் ஒரு பெண்ணுக்கு நாளில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று நினைத்துப் பாருங்கள். வேலைவாய்ப்பு பற்றிப் பேசும் கூட்டங்களில் நான் குழாயைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

பெண்களுக்கு நன்றாகப் பலித்த வேலை ஒன்று உண்டு: சுகாதார இடையாளர். குடியிருப்பிலேயே வளர்ந்த ஒரு பெண் தடுப்பூசி, பிரசவம், மருத்துவரிடம் முன்பதிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். ருமேனியாவில் ரோமா அமைப்புகள் தொடங்கியதை 2002இல் சுகாதார அமைச்சகமே ஏற்றுக்கொண்டது. குடும்பத்துக்குச் சம்பளம் வருகிறது, குடியிருப்புக்கு மருத்துவம் வருகிறது. அம்மா அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

இளங்கோவன், திருவண்ணாமலை: நரிக்குறவர்களும் இவர்களும் ஒரே மக்களா?

இல்லை. இரண்டு மொழிகளும் இந்தோ ஆரியக் குடும்பம் என்பது மட்டும்தான் பொது.

அறிவழகன், கடலூர்: ஹங்கேரியில் அம்பேத்கர் பெயரில் பள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நிஜமா தோழர்?

நிஜம். வடகிழக்கு ஹங்கேரியில் ஷாயோகாஸா என்ற பழைய சுரங்கப் பகுதி. யானோஷ் ஓர்ஷோஷ், திபோர் டெர்டாக் இருவரும் அம்பேத்கரைப் படித்து, மகாராஷ்டிரத்துக்கு வந்து பௌத்தர்களைச் சந்தித்து, திரும்பிப் போய் 2007இல் 'ஜெய் பீம்' அமைப்பையும் டாக்டர் அம்பேத்கர் பள்ளியையும் தொடங்கினார்கள். இடையில் நின்ற ரோமா இளைஞர்கள் அங்கே பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அந்தத் தேர்வு இல்லாமல் ஹங்கேரியில் அலுவலக வேலையும் இல்லை, கல்லூரியும் இல்லை. 'கற்பி, ஒன்றுசேர், போராடு' என்ற வரிசையில் கல்வி முதலில் வருவதைப் பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். ஹங்கேரியின் பேச் (Pécs) நகரில் 1994 முதல் காந்தி பெயரிலும் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, அங்கே ரோமா மொழிகளும் பாடம்.

ரமேஷ், பெங்களூரு: ஐரோப்பிய ஒன்றியம் கொட்டிக்கொடுக்கும் பணம் எல்லாம் எங்கே போகிறது?

2020இல் ஐரோப்பிய ஆணையம் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2030க்குள் வேலைவாய்ப்பில் உள்ள இடைவெளியைக் குறைந்தது பாதியாக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. பணமும் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியது ஊராட்சி. பல ஊராட்சிகள் கேட்பதே இல்லை. கிடைக்கும் பணமும் இரண்டு மூன்று ஆண்டுத் திட்டமாக வந்து முடிந்துவிடும். ஆலோசகரை நம்பி மக்கள் பேசத் தொடங்கும் நேரத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்திருக்கும். ஸ்லோவாக்கியாவில் அரசுப் பணத்திலேயே குடியிருப்பை ஒட்டி கன்டெய்னர் பள்ளிகள் கட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது, கூடவே பிரிவினைக்குச் சுவரும் கிடைத்தது. பூக்கட்டவும், கூடை பின்னவும் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சிகளை நான் வெளிப்படையாக எதிர்க்கிறேன். அதை வைத்து யாரும் வேலை கொடுப்பதில்லை, பயிற்சி நடத்தியவர்களுக்கு மட்டும் சம்பளம்.

சுபா, ஹெச்.ஆர்., புடாபெஸ்ட்: எங்கள் கிடங்குக்கு ஆள் தேவை. நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்க முடியும் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கட்டும்?

உங்கள் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், சுபா.

விளம்பரத்தைத் திறந்து பாருங்கள். பெட்டி அடுக்கும் வேலைக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் கேட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே ஒருவரை எடுக்காதீர்கள், இரண்டு மூன்று பேராக எடுங்கள். தனியாக வருபவர் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, இரண்டாவது வாரம் நின்றுவிடுவார். ஷிப்ட் எப்போது தொடங்குகிறது, முதல் பஸ் எப்போது வருகிறது என்று ஒப்பிடுங்கள். எங்கள் பக்கம் ஆறு மணி ஷிப்டுக்கு முதல் பஸ் ஆறே காலுக்கு. அதை யாரும் பார்க்காமலேயே 'நேரத்துக்கு வருவதில்லை' என்று நீக்கினார்கள். முதல் மாதச் சம்பளம் மாத முடிவில்தான் வரும், அதுவரை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசு இருக்காது. வாராவாரம் முன்பணம் கொடுக்க முடியுமா என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஷிப்ட் மேற்பார்வையாளர். நிர்வாகம் எவ்வளவு நல்ல மனதோடு இருந்தாலும் காலையில் முதல் வார்த்தை பேசுவது அவர்தான். ஆள் எடுப்பதற்கு முன்பே அவரை உட்கார வைத்துப் பேசுங்கள், கேலிப் பேச்சுக்கு இடமில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் உள்ளூர் ரோமா அமைப்பு ஒன்றைக் கூப்பிட்டு, கடன் பிடித்தம் பற்றி ஆலோசனை சொல்லத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், முதல் சம்பளச் சீட்டு வருவதற்குள் அவர் தேவைப்படுவார். உங்கள் பகுதி எது என்று எழுதுங்கள், ஆள் தேடித் தருகிறேன்.