வீட்டிலேயே ரைஃபிள் தோட்டாவை ரீலோட் செய்யத் தொடங்குவது எப்படி?

கேட்டவர் பாளையங்கோட்டைக்காரராம். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, அமெரிக்காவில் காலித் தோட்டாவை வீட்டு மேசையிலேயே நிரப்பிக்கொள்வதை யூடியூபில் பார்த்தேன், நாமும் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, எங்கள் குடும்பத்தில் இந்த வேலையால் ஒரு கை போயிருக்கிறது. என் கையும் போயிருக்க வேண்டியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர் என்றால் நீங்கள் சுடுவது .177 ஏர் ரைஃபிளாகவோ .22 ஆகவோதான் இருக்கும் (இந்த எண்கள் அங்குலத்தில் குழலின் அளவு). ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது. .22 ரிம்ஃபயர், அதாவது தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான், அது வீட்டில் ரீலோட் செய்கிற வகை இல்லை. அடியில் நடுவே தனியாகப் பிரைமர், அதாவது தீப்பற்ற வைக்கும் சின்னக் குமிழ், பதித்த சென்டர்ஃபயர் தோட்டாவைத்தான் திரும்ப நிரப்புவார்கள். நம் நாட்டில் சாதாரண லைசென்ஸில் கிடைக்கும் .315 ரைஃபிளின் தோட்டா அந்த வகை.

அதை நிரப்பலாமா என்றால், இங்கே கூடாது. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, இது வேறு. மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், ஆயுள் வரைக்கும் போகலாம். "சொந்த உபயோகத்துக்குத்தானே" என்ற பேச்சை நம்பி இறங்காதீர்கள். சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறான் என்று கமெண்டில் நாலு பேர் வருவார்கள். வரட்டும். ஜாமீனுக்கு அலையப்போவது அவர்கள் இல்லை, உங்கள் அப்பா.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், டெக்சாஸில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே தன் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்வது சட்டப்படி சரி, விற்றால்தான் லைசென்ஸ். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய கார் ஷெட்டில் ஒரு ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ், அதாவது தோட்டாவை அழுத்தி நிரப்ப உதவும் மேசைக் கருவி, அதில்தான் .308 நிரப்பக் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று வாரம் மருந்து டப்பாவைத் தொடவே விடவில்லை. சுட்ட கேஸ்களை, அதாவது காலிப் பித்தளைக் கூடுகளை, துடைத்து, வெளிச்சத்தில் உருட்டி, அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா, கழுத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. அடியில் வளையம் தெரிந்தால் அந்த இடத்தில் பித்தளை மெலிந்துவிட்டது, அடுத்த தடவை அறுந்துகொள்ளும் என்று அர்த்தம். அப்புறம் டை என்கிற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, நீளம் கூடியிருந்தால் வெட்டுவது, பிரைமர் பதிப்பது. இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

வராதது எடை. மருந்தைக் கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம், நம்மூர் நகைக்கடைத் தராசுக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடிங் புத்தகத்தில் அந்த மருந்துக்கும் அந்தக் குண்டுக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு போட்டிருக்கும். தொடக்க அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும். .308-ல் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அது வெடிக்கிற இடம் உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐம்பது குழி மரப்பலகையில் கேஸ்களை அடுக்கி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வரிசை முடிந்திருக்கும், அம்மா போன். எங்களுக்குச் சிவசைலம் பக்கம், மலையடிவாரத்தில் வாழை. "எய்யா, பன்னி பூந்து ஏத்தன் வாழை அத்தனையும் சாச்சுட்டுப் போச்சுய்யா" என்று அழுகை. வெட்டுக்கு இரண்டு மாதம் இருந்த தோட்டம். அம்மாவைத் தேற்றிக்கொண்டே கை தராசைத் தட்டிவிட்டது. பேசியபடியே திரும்பச் சரி பண்ணி, மீதி மூன்று வரிசையையும் போட்டு முடித்தேன்.

பெரியவர் வந்தார். வழக்கம்போல டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கேஸாக உள்ளே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சை என் கையில் கொடுத்தார். முதல் இரண்டு வரிசையில் மருந்து ஒரு மட்டம், அடுத்த மூன்று வரிசையில் நெல்மணி கனம் மேலே. தராசின் பெரிய எடைக்காய் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஒரு பல் ஐந்து கிரெய்ன். ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை, ஆனால் புத்தகத்தின் உச்ச அளவைத் தாண்டிவிட்டது. ஐம்பதையும் டப்பாவில் கொட்டிவிட்டு எழுந்தேன். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

சித்தப்பா ஞாபகம்தான். அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கரிமருந்தை ஒரு பித்தளைக் குப்பியில் அளந்து, தேங்காய் நாரை வைத்து இடித்து, ரவை போட்டு, மேலே கேப்பு வைப்பது. குப்பி கையில் இருக்கும்போது அப்பா யாரையும் கிட்டத்தில் விடமாட்டார். "மருந்து அளக்கையில பேச்சுக் குடுக்கப்பிடாதுலே" என்பார். 1991-ல் அப்பா ஊரில் இல்லாத ஒரு ராத்திரி, கரிமருந்து தீர்ந்துபோய், சித்தப்பா யாரிடமோ வாங்கிய பன்னிரண்டு போர் ஷாட்கன் தோட்டாவைப் பிரித்து, அதிலிருந்த புகையில்லா மருந்தை அதே குப்பியில் நிறைய அளந்து போட்டார். இரண்டும் மருந்துதானே என்று நினைத்திருக்கிறார். குப்பி நிறையக் கரிமருந்தைத் தாங்கும் குழல், குப்பி நிறையப் புகையில்லா மருந்தைத் தாங்காது. பூட்டுக்குப் பக்கத்தில் குழல் பிளந்துவிட்டது. இடதுகைப் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் போய்விட்டன. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வாடகை வேனில் கொண்டுபோனோம், அந்தக் கையைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தது நான். சித்தப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பன்றிக்குக் காவல் போனவர், வேட்டைக்குப் போனவர் இல்லை.

பன்றி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறை சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. எங்கள் வாழை காட்டு எல்லையிலிருந்து அரை கிலோமீட்டர். பன்றி முதலில் இறங்குவதே எங்களிடம்தான். எங்கள் மலையில் இருக்கும் புலிகள் காப்பகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தக் காடு இல்லாமல் கடனாநதியில் தண்ணீர் ஏது? சாய்ந்த வாழைக்கு நியாயமான பணம் அந்த வருடத்துக்குள் வந்தால் போதும் என்கிறேன். அப்பா பிறகு வாங்கிய துப்பாக்கியையும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2021-ல் சட்டமன்றத்துக்கு ஒரு தடவை, உள்ளாட்சிக்கு ஒரு தடவை கொடுத்தோம். இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது குழலுக்குள் செம்மண் நிறத்தில் துரு. அப்பா மூன்று நாள் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார்.

சரி, உங்களுக்கு வருகிறேன். கிளப்பில் இருக்கும்வரை ஏர் ரைஃபிளிலேயே நிறையச் சுடுங்கள், குண்டு விலை குறைவு, மூச்சும் விரலும் அங்கேதான் பழகும். .22 தோட்டாவைக் கிளப் வழியாக வாங்க முடியுமா என்று உங்கள் செயலாளரிடம் கேளுங்கள். நாளைக்கு வேலைக்காக ரீலோடிங்குக்கு அனுமதி உள்ள நாட்டுக்குப் போனால், பிரஸ் வாங்குவதற்கு முன்னால் நல்ல தராசும், அதைச் சரிபார்க்கும் எடைக்கல்லும் வாங்குங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும், அம்மா கூப்பிட்டால்கூட.