குந்தவைனு பேர் வைக்கலாமா? இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?

பாபநாசம் பக்கத்துலேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த இடத்துல பொண்ணு பொறந்திருக்கு, குந்தவைனு வைக்க ரொம்ப ஆசை. மாமியார் "படத்தைப் பார்த்துட்டு இப்ப எல்லாரும் வைக்கிற பேரு"ங்கறாங்களாம். வீட்டுக்காரருக்கு பெங்களூர்ல வேலை, ஆபீஸ்ல இங்கிலீஷ்ல எழுதிக் காட்டினா "குண்டவை"னு படிக்கிறாங்களாம்.

தாராளமா வைங்கம்மா, நல்ல பேரு.

எல்லாரும் வைக்கிறாங்கங்கறது சரியில்ல. அமெரிக்கால வருஷா வருஷம் எந்தப் பேரு எத்தனை குழந்தைக்கு வெச்சாங்கனு அரசாங்கமே பட்டியல் போடும், நம்ம நாட்டுல அந்த மாதிரி கிடையாது, அதனால நெட்ல வர்ற "டாப் 100 பேர்கள்" எதையும் நம்பி முடிவு எடுக்காதீங்க. உங்க ஊர் பால்வாடிலயும் ஸ்கூல்லயும் விசாரிச்சாலே போதும். கல்கி 1950லேருந்து 54 வரைக்கும் பொன்னியின் செல்வனைத் தொடரா எழுதினப்பவே இந்தப் பேரு வீட்டுக்கு வீடு தெரிஞ்சுபோச்சு, 2022லயும் 2023லயும் படம் வந்து இன்னும் பரவிச்சு, ஆனா என் கண்ணுல பட்ட வரைக்கும் பொண்ணுக்கு வைக்கிறவங்க வானதி, பூங்குழலினுதான் போறாங்க. குந்தவை எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, வைக்கிறவங்க கம்மி. ஒரு குழந்தைக்கு இதைவிட வேற என்ன வேணும்?

மாமியார்கிட்ட இன்னொன்னும் சொல்லுங்க. ராஜராஜன் தன் அக்கா பேரைத்தான் மகளுக்கும் வெச்சார், அந்தப் பொண்ணைத்தான் வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கட்டிக் குடுத்தது. பெரிய கோயில் கல்வெட்டுல அக்காவை "ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்"னு போட்டிருக்கும், அப்பா பேரு முன்னாடி, பொண்ணு பேரு பின்னாடி, நாம இப்ப இனிஷியல் போடற அதே முறைதான். பழைய பேருனு ஒதுக்க வேண்டியதே இல்ல.

இப்ப உச்சரிப்புக்கு வருவோம், உங்க கவலை நியாயமானது. தமிழ்ல ந்-க்கு அப்புறம் வர்ற த எப்பவுமே மெதுவாத்தான் ஒலிக்கும், சந்தை, பந்துனு சொல்லிப் பாருங்க, அதே "ந்த"தான் இங்கயும். கடைசி "வை"யையும் இழுக்கக் கூடாது, பேச்சுல அது பாதி "வெ" மாதிரி குறுகித்தான் வரும். வரலாற்று புஸ்தகங்கள்ல டெல்லிக்குப் போடற டி மட்டும் போட்டு, ஹெச் இல்லாம எழுதுவாங்க, பேரு தெரியாத வெளியூர்க்காரங்க அதை ட-வாத்தான் படிப்பாங்க, உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல நடந்தது அதுதான். தஞ்சாவூர்ல குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி பேர்ல அந்த டிக்கு பதிலா, வசந்திக்குப் போடற மாதிரி டீ-ஹெச் (தமிழ்நாட்டுக்குப் போடற டீ) போட்டிருப்பாங்க, நம்ம ஊர்ல அது ஓகே, வடக்கத்திக்காரங்க வாயில அது அழுத்தமான "த" ஆயிடும்.

அதனால நான் சொல்றது கே, யூ, என், அப்புறம் டெல்லிக்குப் போடற டி, ஹெச், ஏ, வி, ஏ, ஐ. இந்திக்காரங்க கொஞ்சம் மூச்சு சேர்த்துச் சொல்லுவாங்க, ஆனா ட பக்கம் போகவே மாட்டாங்க. கன்னடத்துல மெலிஞ்ச த-வுக்குத் தனி எழுத்தே இருக்கு, பெங்களூர் ஸ்கூல்ல சேர்க்கும்போது டீச்சர்கிட்ட கன்னடத்துலயே எழுதிக் குடுத்துடுங்க, தப்பே வராது.

பசங்க "குண்டு", "குந்து"னு கிண்டல் பண்ணுவாங்களேனு தோணும். வீட்டுல எல்லாரும் முதல் நாள்லேருந்தே முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. குந்து, குந்தினு நாமளே சுருக்கினாதான் அது தெருவரைக்கும் போகும்.

பேரு முடிவாகலனு பதிவைத் தள்ளிப் போடாதீங்க. பொறப்பை 21 நாளைக்குள்ள பதிஞ்சுடணும், பேரை அப்புறம் சேர்க்கலாம், 12 மாசம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபர் 1லேருந்து பொறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல், ஆதார், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பொறப்பு சர்டிபிகேட்தான் ஆதாரம், அதனால கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது பக்கத்துலயே நின்னு அந்த டிக்கு அப்புறம் ஹெச் விழுந்திருக்கானு பார்த்துட்டு ஓகே சொல்லுங்க.