இலக்கம் இல்லாத இதழுக்கு வயது என்ன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மருதானைப் பழைய புத்தகக் கடையில் ஸ்பானிய மொழிச் சிறுவர் சித்திரக்கதைச் சஞ்சிகைகள் ஒரு கட்டு கிடைத்தது. அட்டையில் டி, பி, ஓ என்று மூன்று எழுத்து. சிலவற்றில் இலக்கமும் இல்லை, திகதியும் இல்லை. பக்கம் கிழிந்துவிட்டதா? எந்தக் காலத்தவை?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கிழியவில்லை; அப்படித்தான் அச்சிட்டார்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 1917 மார்ச்சில் தொடங்கிய டிபிஓ (TBO) என்ற சஞ்சிகை இது. தொடக்கியவர் ஆர்த்துரோ சுவாரெஸ் என்ற அச்சக உரிமையாளர். விரைவிலேயே ஆசிரியப் பொறுப்பேற்ற ஹோக்கீன் புய்காஸ்தான் அதை வளர்த்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1938இல் நின்றது. போருக்குப் பிறகு சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு அதற்குப் பருவ இதழ் அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே தனித்தனிச் சிறு நூல்கள் என்ற பெயரில், இலக்கமும் திகதியும் இல்லாமல், 1952 வரை வெளியிட்டார்கள். உங்களிடமுள்ள இலக்கமில்லாதவை பெரும்பாலும் அந்தக் காலத்தவைதான்.

உறுதிப்படுத்த இரண்டு வழி. முதலில் அடிக்குறிப்பைப் பாருங்கள். ஸ்பெயினில் 1958 முதல் ஒவ்வொரு வெளியீட்டிலும் சட்டப் பதிவு எண் போட வேண்டும்: பார்சிலோனாவுக்கு ‘பி’ (B) எழுத்து, ஓர் எண், ஆண்டு. அது இருந்தால் இதழ் 1958க்கு முந்தியதல்ல. இல்லாவிட்டால் ஓவியர்களைப் பாருங்கள். பெனெஹாம் வரைந்த ‘உலிசஸ் குடும்பம்’ என்ற தொடர் 1940களின் நடுப்பகுதியில் தொடங்கியது. நெட்டைக் கால் மனிதர்களை வைத்துப் பேச்சே இல்லாமல் சிரிக்க வைக்கும் கோல் என்ற ஓவியர் அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் சேர்ந்தார். அவர் வரைந்த பக்கம் இருந்தால் 1940களின் முற்பகுதியைக் கழித்துவிடலாம்.

மேலும் சேர்க்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: இணையத்தில் விற்பவர்கள் ‘தெபேயோ’ என்று எழுதுவது இந்தச் சஞ்சிகையின் பெயரிலிருந்து வந்தாலும், எல்லாச் சித்திரக்கதைக்கும் பொதுப்பெயர். அட்டைப் படத்தைக் கேட்டுப் பார்க்காமல் காசு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: கோபன்ஹேகன் பேராசிரியர் பிரான்ஸ் உண்மையான விஞ்ஞானியா?
– வாசகர், தெஹிவளை

பதில்: கற்பனைதான்; மேலே சொன்ன டிபிஓ சஞ்சிகையின் பாத்திரம். ஒரு சின்ன வேலைக்குப் பத்துக் கப்பியும் கயிறும் பூட்டிய யந்திரங்களை அவர் பெயரில் பல ஓவியர்கள் வரைந்தார்கள். பிற்காலத்தில் அதிகம் வரைந்தவர் சபாத்தேஸ். தேவையில்லாமல் சிக்கலாக்கிய சாமானைப் பார்த்தால் ஸ்பானியர் இன்றும் அந்தச் சஞ்சிகையின் கண்டுபிடிப்பு என்றுதான் கேலி செய்வார்கள்.

கேள்வி: பழைய சித்திரக்கதை இதழ்களைக் கொழும்பு ஈரப்பதனில் எப்படிப் பாதுகாப்பது? லமினேற் செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: லமினேற் வேண்டவே வேண்டாம்; பிறகு பிரிக்க முடியாது. மலிவான தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் அமிலமாகித்தான் பக்கம் மஞ்சளித்து நொறுங்குகிறது. பிளாஸ்ரிக் பூசினால் அந்த அமிலம் உள்ளேயே அடைபடும்.

முதல் வேலை முதுகில் குத்திய கம்பி. துருப்பிடித்ததை இழுத்தால் துளையோடு தாளும் வரும். உட்பக்கம் மடங்கிய கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக நேரே எடுங்கள். செலோரேப் ஒட்டக்கூடாது, பசை சில வருடத்தில் பழுப்புக் கறையாகிவிடும்.

இராமபாணப் பூச்சி இருந்தால் இதழை இறுக்கமாகக் கட்டிய பொலித்தீன் பையில் போட்டு, −18 பாகை ஃபிறீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் திறக்க வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் படிந்து மை ஊறும்.

பிறகு அமிலமற்ற அட்டையோடு பொலிப்புறொப்பிலீன் உறையில் இடுங்கள். பீவீசி உறை நாளாக நாளாக மையோடு ஒட்டும். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் இருக்கட்டும். முள் 60 சதவீதத்தைத் தாண்டினால் மணிகளை எடுத்து 120 பாகை அவணில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறியபின் திரும்பப் போடுங்கள். மழைக்காலத்தில் பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.